லிதுவேனிய வாக்கியத்தில் யார் யாரைப் பார்க்கிறார்?

‘தோமஸ் மாத்தோ ரஸா.’ ‘தோமா மாத்தோ ரஸ.’ லிதுவேனிய மொழிக்குப் பழகாத காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தோமஸ் ஆண் பெயர், ரஸ பெண் பெயர், மாத்தோ என்றால் பார்க்கிறார். முதல் வாக்கியத்தில் பார்ப்பவர் தோமஸ், இரண்டாவதில் ரஸ. சொற்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மாறியது அவற்றின் கடைசி ஒலி மட்டும். ‘தோமஸ்’ என்பது ‘தோமா’ ஆகிவிட்டது. நெடிலில் முடிந்த ‘ரஸா’ குறிலாகி ‘ரஸ’ ஆகிவிட்டது.

இந்த ‘ஆ’தான் நம் ‘ஐ’ உருபு செய்கிற வேலையை அங்கே செய்கிறது. எழுதும்போது உயிரெழுத்தின் அடியில் ஒரு சின்ன வால் போடுகிறார்கள். முன்பு அந்த இடத்தில் மூக்கொலி இருந்தது. அது தேய்ந்துபோய் உயிர் நீண்டது, வால் மட்டும் எழுத்தில் தங்கிவிட்டது. அவசரத்தில் வாலை விட்டுவிட்டால் ரஸவைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விடும்.

இன்றைய எழுத்துமொழிக்கு அடித்தளம் போட்டவர் யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ். அவருடைய இலக்கண நூல் 1901-இல் வந்தது, அதுவும் புனைபெயரில், எல்லைக்கு அப்பால், அன்றைய ஜெர்மனியைச் சேர்ந்த கிழக்குப் பிரஷ்யாவின் தில்சிட் நகரில் அச்சாகி. 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல்களை அச்சிட, அப்போது லிதுவேனியாவை ஆண்ட ரஷ்யப் பேரரசு தடை விதித்திருந்தது. அதனால் இலக்கணப் புத்தகமே கடத்தல் சரக்காக இருந்த காலம் அது.

சரி, பெயர்களை விட்டு மூவிடப் பெயர்களுக்கு வருவோம். அஷ் என்றால் நான், து என்றால் நீ. யிஸ் அவன், யி அவள். மேஸ் நாம், யூஸ் நீங்கள். யியே ஆண்களைக் குறிக்கும் ‘அவர்கள்’, யோஸ் பெண்களைக் குறிக்கும் ‘அவர்கள்’. ‘நீங்கள்’ போலவே ‘யூஸ்’ என்பதும் ஒருவரை மரியாதையாக அழைக்கவும் பயன்படும். நாம், நாங்கள் என்ற பிரிவு கிடையாது. அதற்குப் பதிலாக ‘நாம் இருவர்’ என்பதற்கு ‘முது’ என்று தனிச் சொல் இருக்கிறது. இருவரும் பெண்களானால் ‘முத்வி’. சமஸ்கிருதத்தில் இருந்த இருமை எண்ணின் மிச்சம்போல இது இன்னும் உயிரோடிருக்கிறது.

வினைச்சொல்லில் தமிழருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ‘எய்த்தி’ என்றால் செல்ல. நான் செல்கிறேன்: எய்னு. நீ செல்கிறாய்: எய்னி. நாம்: எய்னமெ. நீங்கள்: எய்னத்தெ. ‘செல்கிறேன்’ என்றாலே நான் என்பது தெரிந்துவிடுவதுபோல, ‘எய்னு’ என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியம். ‘அஷ்’ போட்டால் தவறில்லை, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டால் ‘நான், நான்’ என்று பேசுகிற ஆள்போல ஒலிக்கும்.

படர்க்கையில்தான் கணக்கு மாறுகிறது. செல்கிறான், செல்கிறாள், செல்கிறது, செல்கிறார்கள் என்று நாம் விரித்து வைத்திருப்பதெல்லாம் அங்கே ஒரே சொல்: ‘எய்ன’. ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்று வினை சொல்லாது. பால்டிக் குடும்பத்தின் பொதுப் பண்பு இது. அந்தக் குடும்பத்தில் இன்று பேசப்படுபவை லிதுவேனியமும் லாத்வியமும் மட்டுமே. ஆகவே ‘அஷ்’, ‘து’ இரண்டையும் தாராளமாக விடலாம், ஆனால் யிஸ், யி, யியே, யோஸ் ஆகியவற்றை விடுவதற்கு முன் யாரைப் பற்றிய பேச்சு என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அகராதியில் ஒரு வினையைப் பார்த்தால் மூன்று வடிவங்கள் சேர்ந்து நிற்கும்: எய்த்தி, எய்ன, ஏயோ. செல்ல, செல்கிறான், சென்றான். மூன்றையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதுதான் புத்திசாலித்தனம். நிகழ்காலத்திலிருந்து இறந்தகாலத்தை ஊகித்துவிட முடியாது. எதிர்காலம் எளிது, முதல் வடிவத்தில் ‘ஸ்’ ஒலி சேரும்: எய்ஸ்யு, செல்வேன். ‘முன்பெல்லாம் போவதுண்டு’ என்பதற்குத் தனிக் காலமே உண்டு: எய்தவௌ.

இப்போது சொல்வரிசை. யார் யாரை என்பதை உருபு சொல்லிவிடுவதால், வரிசைக்கு அந்த வேலை மிச்சம். ஆனால் அது சும்மா இருப்பதில்லை. சாதாரணமாக எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று வரும்; வினை நடுவில். ‘ரஸா மாத்தோ தோமஸ்’ என்று திருப்பினாலும் பார்ப்பவர் தோமஸ்தான். ஆனால் இது ‘ரஸவைப் பார்ப்பது யார்?’ என்ற கேள்விக்குப் பதில். தெரிந்த செய்தி முன்னால், புதுச் செய்தி கடைசியில். இதே போக்கைச் செக் மொழியை வைத்து விரிவாக ஆராய்ந்தவர் 1926-இல் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டத்தின் வில்லெம் மதேசியுஸ்.

தமிழில் அழுத்தம் பெறும் சொல் பெரும்பாலும் வினைக்குச் சற்று முன்னால் உட்காரும்: ‘ரஸவைத் தோமஸ் பார்க்கிறான்.’ அதனால் வினையை நடுவில் கொண்டுவரப் பழகிய பிறகும், புதுச் செய்தியை வாக்கியக் கடைசிக்குத் தள்ள நமக்குச் சற்று நாள் பிடிக்கும். ‘ஒரு’, ‘அந்த’ என்று சொல்லாமலே வேறுபடுத்தவும் இந்த வரிசைதான் உதவுகிறது. ‘க்னீக யிர அன்த் ஸ்தாலோ’ என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த புத்தகம் மேசைமேல் இருக்கிறது. ‘அன்த் ஸ்தாலோ யிர க்னீக’ என்றால் மேசைமேல் ஏதோ ஒரு புத்தகம் இருக்கிறது. ‘மேல்’ என்பதற்கான ‘அன்த்’ மேசைக்கு முன்னால் வருவதையும் கவனியுங்கள்.

எதிர்மறைக்கு வினையின் முன்னால் ‘நெ’ ஒட்டினால் போதும் என்று முதல் பாடத்தில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. ‘ஸ்கைத்தௌ க்னீகா’ என்றால் புத்தகம் படிக்கிறேன். படிக்கவில்லை என்றால் ‘நெஸ்கைத்தௌ க்னீகோஸ்’. ‘புத்தகத்தை’ என்றிருந்தது ‘புத்தகத்தின்’ ஆகிவிட்டது. இன்னும் வேடிக்கை, ஆள் இல்லாதபோது எழுவாய்க்கே இது நடக்கும். தோமஸ் வீட்டில் இருந்தால் ‘தோமஸ் நமியே’. இல்லாவிட்டால் ‘தோமோ நேர நமியே’, அதாவது தோமஸுடைய... இல்லை, வீட்டில். இந்த இடத்தில் தமிழ் கை கொடுக்காது, பழக்கம்தான்.

கை கொடுக்கும் இடம் நான்காம் வேற்றுமை. எனக்குக் குளிர்கிறது: ‘மன் ஷால்த’. எனக்குத் தலை வலிக்கிறது: ‘மன் ஸ்கௌத கால்வா’. எனக்கு இருபது வயது: ‘மன் த்விதெஷிம்த் மேத்தூ’. ‘மன்’ என்றால் எனக்கு, அவ்வளவுதான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த அமைப்பில் திணறும்போது நாம் இதைக் கேள்வியே கேட்காமல் தாண்டிவிடலாம். தாண்டும் வேகத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கிறது’ என்பதை அப்படியே பெயர்த்து, ‘உன்னை’ என்பதற்கு ‘தவெ’ போட்டால் தவறு. அங்கே சொல்வது ‘து மன் பத்திங்க்கி’. ‘நீ’ எழுவாயாகவே நிற்கிறது, வினையும் ‘நீ’க்கு ஏற்றபடி ‘இ’ விகுதி பெறுகிறது. ‘நீ எனக்குப் பிடிக்கிறாய்’ என்பதுபோல. பிடிக்கவில்லை என்றால் ‘து மன் நெபத்திங்க்கி’; செயப்படுபொருளே இல்லாததால் ‘உடைய’ விதிக்கு இங்கே வேலை இல்லை.