கார் ஸ்கேனர் வாங்கும் முன்: காட்பாடி ஷெட்டில் பார்த்தவை

காட்பாடியில் ஷெட் போட்டு பத்தொன்பது வருடம் ஆகிறது. முன்பெல்லாம் வண்டி கொண்டு வருபவர்கள் "மிஸ்ஸிங் அடிக்குதுண்ணா", "மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிச் சாவியை நீட்டுவார்கள். இப்போது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, போனை நீட்டுகிறார்கள். திரையில் பி 0171 என்று இருக்கும். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுண்ணா, மாத்திடுங்க."

சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒரு வாத்தியார் அந்தச் சென்சாரை ஏற்கெனவே வேறோர் இடத்தில் மாற்றிவிட்டு வந்தார். மூன்றாம் நாளே செக் என்ஜின் விளக்கு திரும்ப எரிந்திருக்கிறது. பி 0171 என்றால் "கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்று அர்த்தம். அவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். ஏன் அதிகம் என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆள். சொன்ன ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஆளை வைத்தார்கள், அவனும் அதையேதான் சொன்னான்.

ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்தேன், என்ஜின் ஓடும்போதே சென்சார்கள் சொல்லும் எண்கள் வரும் பக்கம் அது. ஐடிலில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற எண், பிளஸ் 21. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் பிளஸ் 5-க்கு இறங்குகிறது. பொதுவாக இந்த எண் இரண்டு பக்கமும் பத்துக்குள் இருக்க வேண்டும். ஐடிலில் ஏறி, ரேஸ் கொடுத்தால் இறங்குகிறது என்றால், அளக்கப்படாத காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று கூடிவிடும், ஓட்டையின் பங்கு சின்னதாகிவிடும். தேடினால், என்ஜினின் ப்ரீதர் ஹோஸ் கிளாம்புக்குக் கீழே நகம் அளவுக்கு வெடித்திருந்தது. பத்து வருடம் வேலூர் வெயிலில் வெந்த ரப்பர், தொட்டால் அப்பளம் போல இருந்தது. ஹோஸைப் போட்டதும் ஐடிலில் பிளஸ் 3. (இந்தக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் ஓட்டை வேறு மாதிரி தெரியும்.)

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கணும், எது நல்லது?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் லைவ் டேட்டா வருமா? வெறும் எரர் கோட் மட்டும் காட்டும் கருவி இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். அது காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு நேரே ஸ்பேர்ஸ் கடைக்குத்தான் போவீர்கள். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் வர வேண்டும். விளக்கு எரிந்த அந்த நொடியில் வேகம், என்ஜின் சூடு, லோடு எவ்வளவு என்று வண்டி எடுத்து வைத்திருக்கும் குறிப்பு அது.

கருவிக்கு முன் வண்டியைப் பாருங்கள். வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் முறைக்கு ஓபிடி 2 என்று பெயர். இந்தியாவில் கார்களுக்கு அது முழுதாகக் கட்டாயம் ஆனது 2013 ஏப்ரலில், அதுவும் பிஎஸ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. பிஎஸ் 4 முதலில் சென்னை போன்ற பெரிய நகரங்களுக்குத்தான் வந்தது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே நம் ஊர் டிஎன் 23 வண்டி 2013-க்குப் பிறகு பதிவானது என்பதாலேயே எல்லாம் சரியாக வரும் என்று நினைக்க வேண்டாம். பிஎஸ் 6, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெட்ரோல், டீசல் வண்டி என்றால் கவலை இல்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, பெரும்பாலும் பானெட் லிவர் பக்கத்தில், 16 முள் சாக்கெட் இருக்கும். சில வண்டிகளில் ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். 16-ஆவது முள்ளில் பேட்டரி கரண்ட், 4-லும் 5-லும் எர்த். 6, 14 ஆகிய இரண்டிலும் உலோகம் தெரிந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் கேன் லைன் என்ற புது வகைக் கம்பியில் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், சாதாரணக் கருவியே போதும். அவை காலியாக இருந்து 7-இல் மட்டும் உலோகம் இருந்தால் பழைய கே லைன். மலிவான கருவிகள் திணறுவது இங்கேதான். காரை ஆன் செய்து பத்து நிமிடம் "கனெக்டிங்" என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, அந்தச் சாக்கெட்டில் மாட்டிப் போனோடு சேர்க்கும் அடாப்டருக்கு வருவோம், அந்த நீலப் பிளாஸ்டிக் டப்பா. ஆன்லைனில் 300, 400 ரூபாய்க்குக் கிடைப்பது. மேலே இஎல்எம் 327 என்று சிப்பின் பெயரை அச்சடித்திருக்கும். அந்தச் சிப்பை உருவாக்கியது கனடாவைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம். முதல் பதிப்பில் நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டார்கள், அங்கிருந்து உலகம் முழுக்க நகல்தான். அந்த நிறுவனமே 2022-இல் மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பல டப்பாக்களில் 1.5 பதிப்பு என்று இருக்கும். அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. 2.1 என்று போட்டிருப்பது அதைவிட உசத்தி என்றும் அர்த்தம் இல்லை, பல நேரம் அதில்தான் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது. டப்பா மேல் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்து வாங்குங்கள். வந்த அன்றே வண்டியில் போட்டு, ஆர்.பி.எம்.மும் கூலன்ட் சூடும் இருபது நிமிடம் அறுந்து போகாமல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் கணக்கில், கேன் லைன் வண்டிக்கு 1500-இலிருந்து 3000 ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல புளூடூத் அடாப்டர் ஒன்று வீட்டுக்குப் போதும். ஆண்ட்ராய்டு போனுக்கு எந்த புளூடூத்தும் சேரும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகை அல்லது புளூடூத் எல்இ என்று தெளிவாகப் போட்டதை மட்டும் வாங்க வேண்டும், பழைய புளூடூத் வகை ஐபோனோடு சேராது. ஆப்புக்கு டார்க் (Torque), கார் ஸ்கேனர் என்று இரண்டு மூன்று இருக்கின்றன. இலவசப் பதிப்பில் பழகிவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள். போனே வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி திரையோடு வேண்டும் என்றால் 3000, 4000-இலிருந்து கிடைக்கிறது. என் மாமனார் மாதிரி ஆட்களுக்கு அதுதான் சரி.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இவை பெரும்பாலும் உதவாது. அதற்கு எல்லா சிஸ்டமும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும், பத்தாயிரத்துக்கு மேல் போகும், சிலவற்றுக்கு வருடா வருடம் அப்டேட் காசு வேறு. டீசல் வண்டியில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க ரீஜெனரேஷன் போடுவது, இன்ஜெக்டர் கோட் ஏற்றுவது எல்லாம் ஷெட் வேலை. எங்கள் ஸ்கேனர் விலைக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் மாருதி 800 வாங்கியிருக்கலாம் என்று என் வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

நம் ஊரில் இந்தச் சின்ன அடாப்டர் சம்பாதித்துக் கொடுப்பது சூட்டில்தான். ஏப்ரல், மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடாப்டர் அந்த நடுவைக் காட்டும். ஓடும்போது 85-லிருந்து 95 வரை, டிராஃபிக்கில் நின்றால் 100 பக்கம் போய் ஃபேன் சுற்றியதும் இறங்கும். உங்கள் வண்டியின் வழக்கமான எண் எது என்று நன்றாக ஓடும் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து தினமும் வேலூர் வந்து போகும் ஒருவர் அப்படி எழுதி வைத்திருந்தார். ஒருநாள் போன் செய்தார். "கிரீன் சர்க்கிள்ல நின்னா 107 வரைக்கும் போகுதுண்ணா, பைபாஸ் ஏறினா 90-க்கு வந்துடுது." நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. காற்று தானாக அடிக்கும்போது பிரச்சினை இல்லை என்றால் ஃபேன் சுற்றவில்லை. பானெட்டைத் திறந்தால் ஃபேன் மோட்டாரில் வயர் சேரும் கப்ளர் உருகி ஒட்டிப் போயிருந்தது. கப்ளர் மாற்றி அரை மணி நேரத்தில் அனுப்பினேன். அந்த வண்டியில் எந்த எரர் கோடும் இல்லை, எந்த விளக்கும் எரியவில்லை. சூட்டில் ஹெட் கேஸ்கட் போன பிறகு வந்திருந்தால் என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று எலி. திருவலம் பக்கம் வயல் ஓரத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது தெரிந்த கதை. மே மாத மதியம் ஒரு வண்டி வந்தது, கோட் பி 0113, கையில் புது சென்சாரையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். லைவ் டேட்டாவில் உள்ளே போகும் காற்றின் சூடு மைனஸ் 40 என்று காட்டியது. வேலூரில், மே மாதத்தில்! பல வண்டிகளில் வயர் அறுந்தால் கம்ப்யூட்டர் காட்டும் எண் இது. சென்சார் சற்றே தப்பாக அளந்தால் 25, 60 என்று ஏதாவது காட்டும், மைனஸ் 40 என்று தரையைத் தொட்டுவிட்டால் முதலில் வயரைத்தான் பார்க்க வேண்டும். கப்ளருக்கு இரண்டு விரல் தள்ளி எலி கடித்திருந்தது. புது சென்சாரைப் பெட்டி பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

சில பழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். எரர் கோட் அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும், அப்புறம் நாங்கள் குருடன் யானை பார்த்த கதைதான். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுடுகிறது, ஸ்கேனரைத் தேடாமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஆயில் பிரஷர் விளக்குக்கும் அப்படியே. அடாப்டரைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். அந்த 16-ஆவது முள்ளில் எப்போதும் கரண்ட் இருக்கும், சாவியை எடுத்தாலும் டப்பா விழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி கொஞ்சம் பழசு என்றால் பத்து நாளில் படுத்துவிடும். ஓட்டும்போது எண்ணைப் பார்ப்பது பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தக் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். எரர் கோட் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இல்லை, இல்லாமல் இருப்பதைச் சந்தேகப்படவும். ஆப்பில் "ரெடினெஸ்" என்று ஒரு பக்கம் இருக்கும். எரர் கோட் அழித்தால் வண்டி தன்னைத் தானே சோதித்த விவரமும் அழிந்து, பல வரிகள் "முடியவில்லை" என்று காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகும், அதனால் இதை மட்டும் வைத்துச் சண்டை போட முடியாது. ஆனால் பல வண்டிகளில் இன்னொரு எண்ணும் வரும்: கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்.

ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வாலாஜாவில் கார் பார்க்கப் போனான். வண்டி பளபளவென்று இருக்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை, ஆறு மாதமாகக் கை வைக்கவே இல்லை என்கிறார் விற்பவர். இவன் சாக்கெட்டில் மாட்டிவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ரெடினெஸ் ஒன்றும் முடியவில்லை. அழித்த பிறகு ஓடியது 4 கிலோமீட்டர். "ஆற்காடு போய்ட்டு, அப்படியே ஹைவேஸ்ல ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு வரேன்னு கேளு" என்றேன். பெட்ரோல் காசையும் தானே தருவதாகச் சொல்லியிருக்கிறான். விற்பவருக்குத் திடீரென்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்ததாம். தம்பி அடாப்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.