இந்தோனேசியாவின் பாமாயில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு: தோட்டக்காரருக்கு என்ன ஆகும், பங்கு வைத்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும்

உலகில் உற்பத்தியாகும் பாமாயிலில் ஏறக்குறைய 85 விழுக்காடு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கிடைப்பது. இதில் இந்தோனேசியாவின் பங்குதான் பெரிது. எனவே ஜகார்த்தாவில் ஒரு ஏற்றுமதி விதி மாறினால் சுமத்ராவில் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் சிறு விவசாயி, சிங்கப்பூரில் தோட்ட நிறுவனப் பங்கு வைத்திருப்பவர், தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் வாங்குபவர் எல்லோருக்கும் அது வந்து சேர்கிறது. ஆனால் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கட்டுப்பாடு யாரைக் குறிவைத்துப் போடப்பட்டாலும் அதன் சுமை சங்கிலியில் பின்னோக்கி நகர்ந்து, சரக்கைத் தேக்கி வைக்க முடியாதவர் தலையில் இறங்குகிறது. அது எப்படி நடக்கிறது என்பதுதான் இந்த விளக்கம்.

நான்கு விதமான கட்டுப்பாடுகள்

செய்திகளில் எல்லாவற்றையும் ‘ஏற்றுமதித் தடை’ என்றே எழுதிவிடுகிறார்கள். நடைமுறையில் இந்தோனேசியா நான்கு கருவிகளைப் பயன்படுத்துகிறது. முதலாவது முழுத் தடை. இரண்டாவது உள்நாட்டு விற்பனைக் கட்டாயம்: ஏற்றுமதி செய்ய விரும்புபவர் குறிப்பிட்ட பங்கை உள்நாட்டில், அரசு சொல்லும் விலைக்கு விற்றாக வேண்டும். மூன்றாவது ஏற்றுமதி அனுமதிச் சீட்டு. உள்நாட்டில் விற்றதற்குச் சான்று காட்டினால்தான் இது கிடைக்கும். நான்காவது பணமாக வாங்குவது. இதில் இரண்டு உண்டு: அரசுக் கருவூலத்துக்குப் போகும் ஏற்றுமதி வரி ஒன்று, பயோடீசல் மானியத்துக்கும் மறுநடவு உதவிக்கும் தனி நிதியாகச் சேரும் லெவி இன்னொன்று. வர்த்தக அமைச்சகம் அறிவிக்கும் குறிப்பு விலையை வைத்தே வரியும் லெவியும் கணக்கிடப்படுகின்றன.

2022இல் நடந்தது

நான்கு கருவிகளும் ஒரே ஆண்டில் இறக்கப்பட்டது 2022இல்தான். சமையல் எண்ணெய் விலை ஏறியதால் ஜனவரி இறுதியில், ஏற்றுமதி செய்யத் திட்டமிடும் அளவில் 20 விழுக்காட்டை உள்நாட்டில் விற்க வேண்டும் என்ற விதி வந்தது. கச்சா பாமாயிலுக்குக் கிலோ 9,300 ரூபியா (இந்தோனேசிய நாணயம்), அதிலிருந்து பிரித்தெடுக்கும் திரவ எண்ணெயான பாமோலினுக்கு 10,300 ரூபியா என விலையும் கட்டப்பட்டது. சந்தை விலை அதைவிட வெகு உயரத்தில் இருந்தது. ஒரே எண்ணெய்க்கு இரண்டு விலை இருந்தால் மலிவான எண்ணெய் கடைக்கு வராது, வழியிலேயே கசிந்துவிடும். அதுவே நடந்தது. காகிதத்தில் விநியோகம் ஆனது, கடை அலமாரி காலியாக இருந்தது. மார்ச்சில் கட்டாயப் பங்கை 30 விழுக்காடாக உயர்த்திய அரசு, சில நாட்களிலேயே அந்த விதியை விலக்கிவிட்டு லெவியின் உச்ச வரம்பை டன்னுக்கு 175 டாலரிலிருந்து 375 டாலராக ஏற்றியது.

ஏப்ரல் 22 அன்று அதிபர் ஜோகோ விடோடோ தடையை அறிவித்தார். எந்தெந்தப் பொருளுக்கு என்பது தெளிவாக இல்லை. முதலில் சுத்திகரித்த பாமோலினுக்கு மட்டும் என்றார்கள். கச்சா பாமாயில் தடையில் இல்லை, எனவே ஆலைகள் தன்னிச்சையாகப் பழ விலையைக் குறைக்கக் கூடாது என்று வேளாண் அமைச்சகம் 25ஆம் தேதி மாநில நிர்வாகங்களுக்குக் கடிதம் எழுதியது. இரண்டே நாளில் கச்சா பாமாயிலும் சேர்க்கப்பட்டது. 28ஆம் தேதி தடை அமலானது. மே 23இல் நீக்கப்பட்டது. தடை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அதன் விளைவுகள் பல மாதம் நீடித்தன.

பழ விலை ஏன் உடனே விழுகிறது

நெல்லோ மிளகோ என்றால் விலை சரியில்லாதபோது மூட்டை கட்டி வைக்கலாம். செம்பனைக் குலையை வைக்க முடியாது. வெட்டிய குலையில் அடிபட்ட பழங்களுக்குள் நொதிகள் வேலை செய்யத் தொடங்கி, எண்ணெயின் அமிலத்தன்மையை மணிக்கு மணி ஏற்றுகின்றன. 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஆவியில் வேகவைத்தால்தான் அந்த நொதிகள் அடங்கும். கச்சா பாமாயிலில் இந்த அமிலத்தன்மையைக் காட்டும் தனிக் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வணிக ஒப்பந்த நிபந்தனை. தாண்டினால் விலைக் கழிவு. வெட்டாமல் மரத்திலேயே விட்டாலும் பயனில்லை. பழம் உதிரும், மிஞ்சியது அழுகும், அடுத்த சுற்று வெட்டும் கெடும். 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டிய பயிர் இது.

ஆலையின் நிலையையும் பார்க்க வேண்டும். மணிக்கு 45 டன் அரைக்கும் ஆலை நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 900 டன் குலை உள்ளே போகும். எண்ணெய் எடுப்பு குலை எடையில் 20 விழுக்காடு என்று வைத்தால் நாளுக்கு 180 டன் எண்ணெய். 2,000 டன் தொட்டி 11 நாளில் நிரம்பிவிடும். துறைமுகத்தில் கப்பல் ஏறாவிட்டால் துறைமுகத் தொட்டி நிரம்பும், பிறகு சுத்திகரிப்பு ஆலைத் தொட்டி, பிறகு தோட்ட ஆலைத் தொட்டி. அதன்பின் ஆலை பழம் வாங்குவதை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

முதலில் நிறுத்துவது யாரிடம் என்பதுதான் முக்கியம். ஆலைக்குச் சொந்தத் தோட்டத்துப் பழம் உள்ளே வரும். ஒப்பந்தத்தில் கட்டுண்ட ‘பிளாஸ்மா’ விவசாயிகளின் பழமும் ஓரளவு வரும். எண்ணெய் விலை, செம்பனைக் கொட்டைப் பருப்பின் விலை, எடுப்பு விகிதம் ஆகியவற்றை வைத்து அவர்களுக்கு மாநிலத் தோட்டத் துறை விலை நிர்ணயிக்கிறது. ஒப்பந்தம் இல்லாமல் இடைத்தரகரிடம் விற்கும் சுதந்திர சிறு விவசாயிகளுக்குத்தான் வாசல் மூடும். நாட்டின் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. தடை அமலாகும் முன்பே, அறிவிப்பு வந்த மறுநாளே, தரகர்கள் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான ரூபியா குறைத்தார்கள். மே 17 அன்று விவசாயிகள் ஜகார்த்தாவில் திரண்டு போராடினார்கள். ஏற்றுமதி ஏப்ரலில் சுமார் 20 லட்சம் டன்னாக இருந்தது. மே மாதத்தில் 7 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. மே இறுதியில் நாட்டின் கையிருப்பு 70 லட்சம் டன்னைத் தாண்டியது.

தடை நீங்கியதும் விலை மீண்டிருக்க வேண்டும் என்று தோன்றும். மீளவில்லை. மீண்டும் உள்நாட்டு விற்பனைக் கட்டாயம் வந்தது, அனுமதிச் சீட்டு மெதுவாக வந்தது, கப்பல்கள் வேறு வழிகளில் போயிருந்தன. தொட்டிகள் காலியாகாததால் ஜூன் இறுதி, ஜூலையில் பல இடங்களில் பழ விலை கிலோ 1,000 ரூபியாவுக்குக் கீழே இறங்கியது. தேக்கத்தை உடைக்க, உள்நாட்டு விநியோகத்தில் சேராதவர்கள் டன்னுக்கு 200 டாலர் கூடுதலாகக் கட்டி ஏற்றுமதி செய்யலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ஜூலை நடுவில் லெவியைச் சுழியாக்கினார்கள். உள்நாட்டில் ஒரு டன் விற்றால் எத்தனை டன் ஏற்றுமதி செய்யலாம் என்ற விகிதம் ஆகஸ்டில் 1:9 வரை தளர்ந்தது. கையிருப்பு கரைந்ததும் 2023 தொடக்கத்தில் 1:6, மே மாதம் 1:4 என மீண்டும் இறுக்கினார்கள். இடையில் 2023 பிப்ரவரியில், ரமலானை முன்னிட்டு, ஏற்கெனவே வழங்கிய அனுமதிகளில் மூன்றில் இரண்டு பங்கை ஏப்ரல் இறுதிவரை நிறுத்திவைத்தார்கள். கையில் சீட்டு இருந்தாலும் கப்பல் ஏற்ற முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை வணிகர்கள் அப்போது கண்டார்கள்.

லெவிக் கணக்கு

தடை அரிது, லெவி தினமும் இருப்பது. அதனால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது அதிகப் பயன்.

உலகச் சந்தை விலையை இந்தோனேசிய ஏற்றுமதியாளர் தீர்மானிப்பதில்லை. இந்தியாவில் வாங்குபவர் மலேசிய எண்ணெயோடு ஒப்பிட்டுத்தான் விலை பேசுவார். ஆகவே வரியும் லெவியும் பெரும்பாலும் வாங்குபவர் மீது ஏறாமல் உள்நாட்டு விலையிலிருந்தே கழிகின்றன. துறைமுக விலை டன்னுக்கு 1,000 டாலர், லெவி 10 விழுக்காடு, வரி 124 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே திரும்புவது 776 டாலர். அதற்குள்தான் போக்குவரத்து, ஆலைச் செலவு, லாபம், பழ விலை எல்லாம்.

எளிதில் நினைவில் நிற்கும் அளவு இது: எடுப்பு 20 விழுக்காடு என்றால், எண்ணெய் மீது லெவியோ வரியோ டன்னுக்கு 100 டாலர் ஏறும்போது ஒரு டன் குலையின் மதிப்பு 20 டாலர் இறங்கும். 2 ஹெக்டேர் வைத்து ஆண்டுக்கு 30 டன் குலை எடுக்கும் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 600 டாலர். 2022 மார்ச்சில் லெவி உச்சம் 375, வரி உச்சம் 200, கூட்டினால் 575 டாலர். இதே வழியில் பெருக்கிப் பார்த்தால் ஒரு டன் குலைக்கு 115 டாலர் குறைகிறது. உலக விலை ஏறியிருந்ததால் அந்த அடி அப்போது வெளியே தெரியவில்லை. விலை இறங்கியபோது தெரிந்தது.

லெவிப் பணம் முழுதும் வீணாகப் போகிறது என்று சொல்ல முடியாது. மறுநடவுக்கு ஹெக்டேருக்கு 3 கோடி ரூபியாவாக இருந்த உதவி 2024இல் 6 கோடியானது. ஆனால் நிதியில் பெரும்பங்கு பயோடீசலுக்கும் சாதாரண டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஈடுகட்டவே போகிறது. பழம் விற்பவரிடம் கழித்த பணத்தில் சிறுபங்குதான் மரமாகத் திரும்பி வருகிறது என்பது எங்கள் கருத்து. விவசாயி அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறையும் அதுவே.

பங்கு வைத்திருப்பவர் பார்க்க வேண்டியவை

‘தடை வந்தால் விலை ஏறும், தோட்டப் பங்கு ஏறும்’ என்று வாங்குவது ஆபத்தான பழக்கம். முதல் கேள்வி, தோட்டம் எந்த நாட்டில்? தடையின்போது இந்தோனேசியாவில் தோட்டம் உள்ள நிறுவனத்துக்கு உள்நாட்டு விலை விழும். மலேசியத் தோட்டத்துக்கு உலக விலை கிடைக்கும். சிங்கப்பூரில் பட்டியலிட்ட கோல்டன் அக்ரி, பர்ஸ்ட் ரிசோர்சஸ், பூமித்தாமா ஆகியவற்றின் தோட்டங்கள் இந்தோனேசியாவில் இருக்கின்றன. கோலாலம்பூரில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்கும் அங்கே கணிசமான நிலம் உண்டு. பங்குச்சந்தை எந்த ஊர் என்பதை வைத்து முடிவு செய்யாமல் ஆண்டறிக்கையின் நிலப்பரப்பு அட்டவணையைப் பாருங்கள்.

அடுத்தது சங்கிலியில் நிறுவனம் நிற்கும் இடம். தோட்டமும் ஆலையும் மட்டும் உள்ள நிறுவனம் கச்சா எண்ணெயை உள்நாட்டு விலைக்கு விற்கிறது. லெவியின் அடி முழுதும் அதற்கே. சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நிறுவனம் அதே மலிவு விலைக்குக் கச்சா எண்ணெய் வாங்கி, லெவி குறைவாக உள்ள சுத்திகரித்த சரக்காக அனுப்புகிறது. லெவி ஏறும் காலத்தில் முதல்வகை நிறுவனத்தின் இழப்பில் ஒரு பகுதி இரண்டாம் வகையின் லாபமாகிறது. வெளிப் பழம் எவ்வளவு வாங்குகிறது என்பதும் கணக்கில் வரும். வெளிப் பழம் வாங்கும் ஆலை விலை வீழ்ச்சியை விற்பவர் மீது தள்ளிவிடலாம். சொந்தப் பழம் மட்டும் உள்ள நிறுவனத்துக்கு அந்த வழி இல்லை.

காலாண்டு அறிக்கையில் மூன்று இடங்களைத் தேடுங்கள். சராசரி விற்பனை விலை என்பது வரியும் லெவியும் கழித்ததா, கழிக்காததா? உற்பத்தி அளவுக்கும் விற்பனை அளவுக்கும் இடைவெளி உண்டா? இருந்தால் அது தொட்டியில் நிற்கிறது, அடுத்த காலாண்டில் அன்றைய விலைக்குத்தான் போகும். மரத்தில் நிற்கும் காய்களின் நியாய மதிப்பு (சந்தை விலைப்படி கணக்கில் எழுதும் மதிப்பு) மாற்றம் லாபத்தில் சேர்ந்துள்ளதா? அது பணமாக வந்த லாபம் அன்று. கடன் டாலரில் இருந்து, விற்பனை உள்நாட்டில் மட்டும் முடங்கினால், வட்டி கட்டுவதே சிரமமாகும்.

இன்னொன்று தாமதமாக வரும். பழ விலை விழும்போது விவசாயி முதலில் நிறுத்துவது உரம். அதன் விளைவு ஓரிரு ஆண்டு கழித்து மகசூலில் தெரியும்; அப்போது எல்லோரும் வானிலையைக் காரணம் சொல்வார்கள்.

விலை ஏறும் பக்கத்துக்கும் வருகிறேன். மலேசிய முன்பேர விலை 2022 மார்ச்சில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. தடை நீங்கி இந்தோனேசியக் கையிருப்பு வெளியே கொட்டியதும் ஜூலை நடுவில் 4,000 ரிங்கிட்டுக்குக் கீழே வந்தது. தடை அறிவிப்பன்று மலேசியப் பங்கு வாங்கியவர் இந்த இறக்கத்தைச் சந்தித்தார். உயர்விலும் மலேசியத் தோட்டங்கள் முழுப் பயன் பெறவில்லை: வெளிநாட்டுத் தொழிலாளர் வராததால் பழம் வெட்ட ஆளில்லை, விலை வரம்பு தாண்டினால் எதிர்பாரா லாப வரியும் உண்டு. மலேசியா ஏற்றுமதியைத் தடுக்காமல், ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலத்தை 2.50 ரிங்கிட்டுக்கு விற்க மானியம் தந்தது. அதில் கசிவு உண்டு. ஆனால் அந்தச் செலவை அரசு ஏற்கிறது, பழம் விற்பவர் ஏற்பதில்லை.

இந்தியாவில்

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்தான்; இறக்குமதி விலை ஏறினால் கூடும் மானியம் மாநில அரசின் செலவு. இங்கே எண்ணெய்ப்பனை நட்டவர்களுக்கு 2021இல் தொடங்கிய தேசிய சமையல் எண்ணெய் இயக்கம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: கச்சா பாமாயிலின் கடந்த 5 ஆண்டு சராசரி விலையை மொத்த விலைக் குறியீட்டால் திருத்தி, அதில் 14.3 விழுக்காட்டைக் குலையின் அடிப்படை விலையாக வைத்து, ஆலை தரும் விலை அதற்குக் குறைந்தால் வித்தியாசத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துவது. இதைப் பெற, குலை கொடுத்த எடைச் சீட்டு, பதிவான நில ஆவணம், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருங்கள்.

இப்போதைய நிலை

இந்தோனேசியாவில் முழுத் தடை திரும்பவில்லை; மற்ற மூன்று கருவிகளும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் ஆலைக் கழிவுநீர் எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு டீசலில் 40 விழுக்காடு பாமாயில் பயோடீசல் கலக்கும் விதி தொடங்கியது. அதற்குப் பணம் சேர்க்க மே மாதம் கச்சா பாமாயில் லெவியை 7.5இலிருந்து 10 விழுக்காடாக உயர்த்தினார்கள். கலப்பு விகிதம் ஏறும் ஒவ்வொரு முறையும் ஏற்றுமதிக்கு மிஞ்சும் எண்ணெய் குறையும், லெவி ஏறும் வாய்ப்பு கூடும். தடை பற்றிய வதந்தியைவிடக் கலப்பு விகித அறிவிப்பையும் லெவி அறிவிப்பையும் பின்தொடர்வது பயன் தரும்.