ரெசனன்ஸ்: ஒத்ததிர்வா, பரிவா?

ரெசனன்ஸ் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன். ‘சொனாரே’ என்றால் ஒலித்தல்; முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திரும்ப ஒலித்தல். சாரங்கியில் வில் படாத கம்பிகள் நிறைய உண்டு. வாசிக்கிற சுரம் அவற்றின் சுருதியோடு பொருந்தினால் அவையும் தாமாக ஒலிக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். சொல் இசையிலிருந்து இயற்பியலுக்கு எடுத்து வந்த பொருள் இதுதான்.

தமிழில் இதற்கு ஒரு சொல் அல்ல, மூன்று இருக்கின்றன. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் ‘ஒத்ததிர்வு’ என்கிறது. பக்கத்து வகுப்பறையில் வேதியியல் ஆசிரியர் அதே ஆங்கிலச் சொல்லுக்கு ‘உடனிசைவு’ என்று எழுதிப் போடுவார். இலங்கை மாணவர்களுக்கு அது ‘பரிவு’. ஆய்வுகூடத்தில் அவர்கள் கையாள்வது பரிவுக் குழாய். தமிழ்நாட்டுக் காதுக்கு இது இரக்கம் போலக் கேட்கும். ஆனால் ஒன்றின் துடிப்புக்கு இன்னொன்று இசைந்து துடிப்பதைப் பரிவு என்பதில் என்ன தவறு? எனக்குப் பிடித்த சொல் அதுதான்.

சிக்கல் துகள் இயற்பியலில் வருகிறது. அங்கே ரெசனன்ஸ் என்பது ஒரு நிகழ்வு மட்டுமல்ல, ஒரு பொருளும்கூட. 1952இல் சிக்காகோவில் இயற்பியலாளர் ஃபெர்மியும் குழுவினரும் பையான் என்ற சிறு துகள்களைப் புரோட்டான்கள் மீது மோதவிட்டார்கள். ஆற்றலைக் கூட்டக் கூட, சிதறல் மளமளவென்று ஏறியது. பிறகு வந்த அளவீடுகள் மறுபக்க இறக்கத்தையும் காட்டின. 1232 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது) நிற்கும் அந்த முகட்டுக்கு இன்று டெல்டா துகள் என்று பெயர். வரைபடத்தில் ஒரு மேடு, அதுவே ஒரு துகள்!

இங்கே எந்தக் கம்பியும் அதிரவில்லையே, ‘ஒத்ததிர்வு’ பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். குவாண்டம் கோட்பாட்டில் ஆற்றலைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் அதிர்வெண்தான் கிடைக்கும். ஆற்றல் பொருந்துவதும் அதிர்வு பொருந்துவதும் ஒன்றே. ஆகவே நிகழ்வை ஒத்ததிர்வு என்றும், அந்தப் பொருளை ஒத்ததிர்வுத் துகள் என்றும் சொல்லிவிடலாம். ‘பரிவுத் துகள்’ என்று எழுத எனக்கே கை வரவில்லை.

முகட்டின் உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். அகலம் கூடினால் ஆயுள் குறைவு. டெல்டாவின் அகலம் சுமார் 117 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலிருந்து வரும் ஆயுள், ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியாகப் பிரித்தால் வரும் துளியிலும் சிறியது. எந்தக் கடிகாரமும் அதை அளக்காது, அகலம்தான் சொல்லும். ஒத்ததிர்வும் சிதைவும் ஒரே நாணயத்தின் இரு பக்கம் என்பது இதனால்தான். ‘சிதைவு’ என்ற சொல் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: டெல்டா சிதைந்து புரோட்டானும் பையானும் வரும்போது, அவை முன்பே உள்ளே துண்டுகளாக இருந்து உதிர்ந்தவை அல்ல, அப்போதே உருவானவை.

அகலத்தை அளப்பது ஊர்கூடித் தேர் இழுக்கிற வேலை. 1989 முதல் ஜெனீவா அருகே, 27 கிலோமீட்டர் வளையத்தில், பல நாட்டவர் சேர்ந்த நான்கு குழுக்கள் இசட் போசான் என்ற துகளின் முகட்டை அளந்தன. அகலம் சுமார் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு துகள் சிதைய வழிகள் கூடினால் அகலமும் கூடும்; இசட் சிதைந்து வரும் துகள்களில் நியூட்ரினோவும் ஒன்று. அதனால் எடை குறைந்த நியூட்ரினோ வகைகள் மூன்றே என்று அகலத்திலிருந்து தெரிந்தது. நிலவின் ஈர்ப்பால் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறுவதைக்கூட அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

கோட்பாட்டின் கதை இன்னும் பழையது. 1928இல், அணுக்கரு ஆல்ஃபா துகளை உமிழும் ஆல்ஃபா சிதைவை விளக்கிய இயற்பியலாளர் காமோவ், ஆற்றலை மெய், கற்பனை என இரு பகுதி கொண்ட கலப்பெண்ணாக எழுதினார். மெய்ப்பகுதி முகடு இருக்கும் இடத்தைச் சொல்லும், கற்பனைப் பகுதி அகலத்தில் பாதியைச் சொல்லும். கணக்கு வேலை செய்தது. ஆனால் குவாண்டம் நிலைகள் குடியிருக்கும் ஹில்பர்ட் வெளி என்ற வழக்கமான கணித வீட்டில் ஆற்றல் மெய்யெண்ணாகத்தான் இருக்க முடியும். துகளின் நிலையை விவரிக்கும் காமோவின் அலைச்சார்போ தொலைவில் பெருகிக்கொண்டே போகும். அதற்கு அங்கே இடமில்லை. இடம் தந்தது மாஸ்கோவில் கணிதவியலாளர் கெல்ஃபாண்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய, அந்த வெளியைச் சூழ்ந்த பெரிய அமைப்பு. அவர்கள் சூட்டிய ரஷ்யப் பெயருக்கு, கப்பலுக்குப் பாயும் கயிறும் பூட்டுவதுபோலக் கருவி பூட்டிய வெளி என்று பொருள். ‘அணிபூட்டிய ஹில்பர்ட் வெளி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்னோ போமும் ஸ்பெயினின் மனுவேல் கதேயாவும் காமோவின் நிலைகளை இதற்குள் முறையாகக் குடியேற்றினார்கள். அங்கே காலம் ஒரு திசையில் மட்டும் ஓடும். சிதைவுக்கு அது பொருத்தமே.

அதே டெக்சஸ் பல்கலைக்கழகத்தில்தான் கோட்டயத்தில் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் ஈ. சி. ஜி. சுதர்சனும் இருந்தார், 1980களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரும் அவரே. 1977இல் அவரும் மிஸ்ராவும் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள்: சிதையக்கூடிய ஒன்றை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையாது. காரணம், தொடக்கத்தின் மிகச் சிறு நேரத்தில் சிதைவு நாம் பள்ளியில் படித்த அடுக்குக்குறி விதிப்படி நடப்பதில்லை. மெதுவாகவே தொடங்குகிறது, ஒவ்வொரு கவனிப்பும் அதை மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுபோகிறது. 1997இல் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினில், குளிரூட்டிய சோடியம் அணுக்களை ஒளியால் ஆன கண்ணியில் வைத்து அந்தத் தொடக்க விலகலைப் பார்த்தார்கள். 2001இல் அதே குழு, அடிக்கடி அளந்தால் சிதைவு தாமதமாகிறது என்றும், அளக்கும் இடைவெளியை மாற்றினால் விரைவாகவும் செய்கிறது என்றும் கண்டது.