கழலாத போல்ட்டை முதலில் இறுக்கிப் பாருங்கள்

பைக்கின் முன்சக்கர பிரேக் பேடு மாற்றுவது அரைமணி நேர வேலை என்று நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் நண்பரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலே இருந்தது சட்டென்று கழன்றது. கீழே இருந்தது அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நிற்காத குறைதான். பக்கத்து பைக்கில் வேலையாக இருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். தினமும் ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருபவர். "தம்பி, முதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாருங்க" என்றார்.

கழற்ற வேண்டியதை இறுக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. போல்ட்டோடு மல்லுக்கட்டும் முன், அதை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள போல்ட்டைப் பிடித்திருப்பது உராய்வு. மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப்பாதை. 8 மில்லிமீட்டர் போல்ட்டில் அந்தச் சரிவு ஏறத்தாழ 3 டிகிரிதான். இவ்வளவு சாய்வில் எதுவும் தானாக வழுக்கி இறங்காது. இறுக்கும்போது போல்ட் ஸ்பிரிங் மாதிரி துளி நீள்கிறது. அந்த இழுவிசைதான் பாகங்களைச் சேர்த்து அழுத்துகிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாக மாறும், மீதியெல்லாம் உராய்வுக்குப் போய்விடும். கழற்றும்போது தலை லேசாகத் திரும்பிவிட்டால் இழுவிசை போய்விடும், பிறகு விரலாலேயே சுழற்றலாம். திரும்பாமல் முரண்டு பிடித்தால் மரைக்குள் வேறு ஏதோ குடியேறியிருக்கிறது என்று அர்த்தம்.

துரு என்றால் செந்நிறத் தூள் என்று மட்டும் நினைக்கிறோம். இரும்பு துருவாக மாறும்போது தான் இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். மரைகளுக்கு நடுவே இருப்பதோ முடியிழை இடைவெளி. அதற்குள் துரு ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும். கேலிப்பரில் இன்னொரு சிக்கலும் உண்டு. போல்ட் எஃகு, கேலிப்பர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு கலந்த ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். சிவப்பைவிட வெள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

சிங்கப்பூரில் இதற்கெல்லாம் குறையே இல்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு அரிப்பு வேகமெடுக்கும். இங்கே சராசரியே 80க்கு மேல். பனி பெய்யும் நாடுகளைப் போல நம் சாலையில் உப்புத் தூவுவதில்லை, சரி. ஆனால் நான் பைக்கை நிறுத்துவது ஈஸ்ட் கோஸ்ட் பக்கம், திறந்தவெளியில். உப்பைக் கடற்காற்றே கொண்டுவந்து தருகிறது.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருவோம். துரு உலோகம் இல்லை. மண்சட்டி மாதிரி, அழுத்தினால் தாங்கும், அதிர்ந்தால் விரிசல் விடும். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னும் அசைத்தால் அந்தத் துரு ஓடு நொறுங்கத் தொடங்கும். ஒரே திசையில் மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தால் ஓடு உடைவதற்குள் போல்ட்டே முறுகி ஒடிந்துவிடலாம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. அதனால் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டரின் பாதி பலம்கூட இல்லை. பிரேக் எண்ணெயிலிருந்து காற்றெடுக்கும் பிளீடர் நிப்பிளோ நடுவில் ஓட்டை உள்ளது, கேட்கவே வேண்டாம். போல்ட்டின் தலையில் நேராகச் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுவதும் அதே காரணத்துக்குத்தான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே பொறியியல்.

விரிசல் விட்ட பிறகுதான் எண்ணெய்க்கு வேலை. நீர்த்த எண்ணெய் நுண்துளை ஈர்ப்பால், விளக்குத் திரியில் ஏறுவது போல, மரைக்குள் தானே ஊர்ந்து போகும். டபிள்யூடி-40யைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அது 1953இல் நீரை விரட்டவென்று உருவானது. உதவும், ஆனால் இதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய்கள் மேல். எதுவானாலும் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. தெளித்துவிட்டு உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். நாங்கள் தே தாரிக் குடிக்கப் போனோம். ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது சூடு. அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி கூட்டினால் 8 மில்லிமீட்டர் துளை போல்ட்டைவிட ஒன்பது மைக்ரான் அதிகம் விரிகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் அந்தத் துரு ஓடு பிளக்க அது போதும். டிஸ்க் போல்ட்டுகள் தானாகக் கழலாமலிருக்கத் தடவியிருக்கும் மரைப்பசையும் சூட்டில்தான் இளகும். ஆனால் கேலிப்பருக்குள் ரப்பர் சீல்கள் இருக்கின்றன. அதனால் நெருப்பு வேண்டாம், வெப்பக்காற்றுத் துப்பாக்கி போதும், அதுவும் கொஞ்ச நேரம்தான். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் அதுவும் கூடாது. சூடேறினால் பாஸ்ஜீன் வரும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது.

பிரேக் எண்ணெய்த் தொட்டி மூடியில் இருக்கும், தலையில் கூட்டல்குறி வெட்டுள்ள திருகு தனிக்கதை. ஜப்பானிய பைக்கில் அந்த வெட்டின் வடிவம் சற்று வேறு; சாதாரண ஸ்குரூடிரைவர் அடிவரை உட்காராமல் எகிறித் தலையை மழுங்கடித்துவிடும். ஜப்பானிய அளவு டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தே தாரிக் முடிந்து வந்து, மூன்று தட்டு, இரண்டு நிமிடச் சூடு, லேசாக ஓர் இறுக்கு. 'டக்' என்று சத்தம் கேட்டது. போல்ட் வெள்ளைத் தூளோடு வெளியே வந்தது. அண்ணன் இரண்டு போல்ட்டுகளையும் துணியில் வைத்தார். மேல் போல்ட்டின் மரையில் செம்பு நிறப் பளபளப்பு. யாரோ செம்புத்தூள் கலந்த கிரீஸ் தடவியிருக்கிறார்கள். கீழ் போல்ட் வெறுமை. "ஒண்ணுக்குப் போட்டவன் இன்னொண்ணுக்குப் போட மறந்துட்டான் பாருங்க" என்றார். இந்த முறை இரண்டுக்கும் மெல்லிசாகத் தடவினோம். வழுக்கும் மரையில் அதே முறுக்கு அதிக இழுவிசை தரும் என்பதால் அளவைக் கொஞ்சம் குறைத்து, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை மாட்டியவன் யார் என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை.