முகம் காட்டிக்கொடுக்காத பாதிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கர்ப்ப காலத்தில் தாய் குடித்த மது, பிறந்த குழந்தையின் மூளையைப் பாதித்திருக்கிறதா? இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. எஃப்.ஏ.எஸ்.டி. (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்) என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்தப் பாதிப்பை, பல துறையினர் சேர்ந்து துண்டு துண்டாகத் தடயம் சேர்த்துத்தான் உறுதிசெய்கிறார்கள்.

முதலில் கண்ணில் பட்டது முகம்தான். 1968-இல் பிரான்சின் நான்ட் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் ஸ்மித்தும் கென்னத் ஜோன்ஸும், தாய் அதிகம் குடித்த குழந்தைகளின் முகங்களில் ஒரே சாயலைக் கண்டு அதற்குப் பெயர் சூட்டினார்கள். அந்தச் சாயலின் மூன்று கூறுகளை இன்றும் அளக்கிறார்கள்: கண் திறப்பின் நீளம் குறைவாக இருப்பது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் மழுங்கியிருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது. கண்ணை ஸ்கேல் வைத்து அளக்கலாம். அல்லது அளவு தெரிந்த ஒரு ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டிப் படமெடுத்துக் கணினியில் அளக்கலாம். உதட்டுக்கு, அது படிப்படியாக மெலிந்துகொண்டே போகும் ஐந்து படங்கள் கொண்ட அட்டை ஒன்று உண்டு. அதில் நான்காவது அல்லது ஐந்தாவது படத்தோடு ஒத்துப்போனால் கணக்கில் சேரும்.

ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் சேர்ந்து இருப்பதில்லை. காரணம் கருவின் கால அட்டவணையில் இருக்கிறது. 1981-இல் கேத்லீன் சுலிக் என்ற ஆய்வாளர், சினையான எலிகளுக்கு ஏழாம் நாளில் மது கொடுத்தபோது குட்டிகளுக்கு இதே முகச்சாயல் வந்தது. மனிதக் கருவில் அது ஏறத்தாழ மூன்றாவது வாரம்; பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாத நேரம். அந்தச் சில நாட்களில் மது படாமல் மற்ற மாதங்களில் பட்டால், முகம் இயல்பாகவே இருக்கும். மூளையோ பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எந்த மாதமும் அதற்குப் பாதுகாப்பான மாதம் இல்லை. ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

சரி, மூளையை எப்படி அளப்பது? கனடாவும் ஆஸ்திரேலியாவும் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டிகள் அதைப் பத்துக் களங்களாகப் பிரித்தன. மூளையின் அமைப்பு, உடலசைவு, அறிவுத்திறன், மொழி, பள்ளிப் படிப்பு, நினைவாற்றல், கவனம், திட்டமிடலும் சுயக்கட்டுப்பாடும், உணர்ச்சிகளைச் சமாளிப்பது, அன்றாட வாழ்க்கைத் திறன் ஆகியவை அவை. இவற்றில் குறைந்தது மூன்றில் கடுமையான குறைபாடு இருக்க வேண்டும். கடுமை என்றால், அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசைப்படுத்தினால் கடைசி மூன்று பேருக்குள் வருவது. ஒரே ஒரு களத்தில் பின்தங்கும் குழந்தைகள் எங்கும் உண்டு. பாதிப்பு ஒரு மூலையில் நிற்காமல் மூளை முழுக்கப் பரவியிருக்கிறது என்று காட்டத்தான் மூன்று கேட்கிறார்கள்.

குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். இதில் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு: இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஐ.க்யூ. எண், அறிவுத்திறன் குறைபாட்டின் எல்லையாகக் கொள்ளும் 70-க்கு மேலேயே இருக்கும். சரளமாகப் பேசுவார்கள், சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வார்கள். ஆனால் ‘பையை எடுத்து வை, அப்புறம் கை கழுவு, பிறகு சாப்பிட வா’ என்றால் முதல் வேலையோடு நின்றுவிடுவார்கள். அதனால்தான் ஐ.க்யூ. எண்ணோடு விடாமல், அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறான் என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வினாப்பட்டியல் கொடுத்துக் கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைத்தான் நான் இருப்பதிலேயே முக்கியமான தடயம் என்பேன்.

மூன்று முகக்கூறுகளும் சேர்ந்து இல்லையென்றால், தாய் குடித்தார் என்பதும் உறுதியாக வேண்டும். கேட்பவர் முகம் சுளித்தால் உண்மை வராது. எத்தனை முறை, ஒரு நேரத்தில் எவ்வளவு, அதிகமாகக் குடித்த நாட்கள் எத்தனை என்று பொதுவாகக் கேட்கும் மூன்று கேள்விகள் உண்டு. கர்ப்பம் என்று தெரிவதற்கு முந்தைய வாரங்களையும் தனியாகக் கேட்பார்கள். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் குழந்தை என்றால் பழைய மருத்துவமனைப் பதிவுகளும் உறவினர் வாக்கும்தான் கதி. பிறந்த குழந்தையின் முதல் மலத்தில் மதுவின் தடம் கிடைக்கும்; அதுவும் கர்ப்பத்தின் பிற்பாதியைத்தான் காட்டும். எட்டு வயதில் வரும் குழந்தைக்கு அது உதவாது. இதே சாயலைத் தரும் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் கோளாறுகளையும் சோதித்து விலக்கிவிட வேண்டும்.

இத்தனையும் நகரத்து மருத்துவமனையில்தான் முடியும் என்றில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்ற பழங்குடிப் பெண் தலைவர்களே ஆய்வாளர்களை அழைத்தார்கள். 2002, 2003-இல் பிறந்த குழந்தைகளை, குழு அங்கேயே சென்று பரிசோதித்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு பாதிப்பு இருந்தது.

அதே மாநிலத்தில் பேங்ஸியா ஹில் சிறார் தடுப்பு மையத்தில் இருந்த 99 பேரைச் சோதித்த முடிவு 2018-இல் வந்தது. 36 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருந்தது. பெரும்பாலோருக்கு அதுவரை யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், இன்னாரைப் பார்க்கக் கூடாது, வாரம் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றம் ஒரே மூச்சில் நிபந்தனை விதிக்கும்போது இப்படிப்பட்ட பையன் தலையாட்டுவான். அடுத்த வாரமே அதை மீறியதாகப் பிடிபடுவான். அவனுடைய பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால், நிபந்தனைகளை ஒவ்வொன்றாக, எளிய சொற்களில், படம் போட்டுக்கூடக் கொடுக்கச் சொல்லலாம்.