கார்பெட் ஏரியா: ‘தரைவிரிப்புப் பகுதி’ வேண்டாம், ‘புழங்கு பரப்பு’ போதும்

‘கார்பெட் ஏரியா’வைத் தமிழாக்கி, ‘தரைவிரிப்புப் பகுதி 700 சதுர அடி’ என்று அடுக்குமாடி வீட்டு விளம்பரங்களில் அச்சிடுகிறார்கள். ‘கம்பளப் பகுதி’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டுமே தவறு. வீடு வாங்குகிறவரின் பணத்தைத் தொடுகிற தவறு என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

கார்பெட் என்ற சொல் லத்தீனில் தொடங்கி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்தால் எவ்வளவு தரை மூடுமோ அதுவே கார்பெட் ஏரியா. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதை இன்னும் துல்லியமாக வரையறுக்கிறது: வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய நிகரத் தரைப்பரப்பு. வெளிச்சுவர்கள், குழாய்கள் மேலும் கீழும் செல்லும் இடைவெளிகள், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேரா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும்.

இந்த வரையறையில் கம்பளம் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் அது வெறும் அளவுகோல். அதைப் பொருளாகவே எடுத்துத் தமிழில் போட்டால், படிப்பவர் விரிப்பைத்தான் நினைப்பார். ‘பகுதி’யும் பொருந்தாது. பகுதி என்றால் ஓர் இடம், ஒரு கூறு. சதுர அடியில் அளப்பது பரப்பு. வரவேற்பறையில் விரிப்புப் போட ஒதுக்கிய இடம் போலும் என்று வாங்குகிறவர் அந்த வரியைத் தாண்டிவிட்டு, பெரிய எழுத்தில் உள்ள 1,000 சதுர அடியைத் தன் வீட்டின் அளவாக எண்ணிக்கொள்கிறார். அந்த 1,000 ‘சூப்பர் பில்டப் ஏரியா’. மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் அவருக்கு வரும் பங்கும் அதில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதையும் ‘சிறப்புக் கட்டுமானப் பரப்பு’ என்று பெயர்த்து, ஏதோ உயர்தரக் கட்டுமானம் போலத் தோன்றச் செய்கிறார்கள். நேர்மையுள்ள கட்டுநர் ‘பொதுப்பங்கு சேர்ந்த பரப்பு’ என்று எழுதட்டும். அடுக்குமாடி நின்றிருக்கும் மனையில் ஒரு வீட்டுக்கு உள்ள நிலப் பங்கை ‘பிரிபடாத பாகம்’ என்று தெளிவாக எழுதிவைத்த பத்திர எழுத்தர்களின் தமிழ், இந்த விளம்பரத் தமிழைவிட எவ்வளவோ மேல்.

‘உட்பரப்பு’ என்று சிலர் சொல்கிறார்கள். அது சுவரின் உள்முகத்தையும் குறிக்கும். பெயின்ட் அடிப்பவர் கணக்கிடுவதும் உட்பரப்புதான். ‘நிகரப் பரப்பு’ பிழையில்லை; ஆனால் எதைக் கழித்த நிகரம் என்ற கேள்வி நிற்கிறது.

‘புழங்கு பரப்பு’ என்பதே என் தேர்வு. வீடு பார்க்கப் போனால் ‘நாலு பேர் புழங்க இடம் இருக்கிறதா?’ என்றுதானே கேட்கிறோம்? ஊறுகாய், குடிநீர் போல இதுவும் வினைத்தொகை; மூன்று காலத்துக்கும் பொருந்தும். சட்டம் சொல்லும் ‘பயன்படுத்தக்கூடிய’ என்ற கருத்தும் இதில் அடங்கிவிடுகிறது. பால்கனியிலும் புழங்குகிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விலைப்பட்டியலில் ‘புழங்கு பரப்பு (பால்கனி நீங்கலாக)’ என்று எழுதி, பால்கனியின் அளவை அடுத்த வரியில் தனியாகக் கொடுத்தால் குழப்பம் தீரும்.

சொத்து வரிக்கு வரும்போது இந்தக் குழப்பம் இன்னும் மோசமாகிறது. சென்னையில் அரையாண்டு வரிக்கு அடிப்படை பிளிந்த் ஏரியா. அதாவது சுவர்களும் சேர்ந்த பரப்பு. அதை ‘அடித்தளப் பரப்பு’ என்று பெயர்க்கிறார்கள். அடித்தளம் மண்ணுக்குள் இருப்பது. மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் எதை அளந்து படிவத்தில் எழுதுவார்? ‘சுவர் சேர்ந்த பரப்பு’ என்று அச்சிட்டால், அளவு நாடா வைத்திருக்கும் யாரும் சரியாக நிரப்பிவிடுவார்கள்.