பரணிலிருந்து இறக்கியதும் சுவிட்சைப் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது ஓடியது?" என்றுதான். "பத்து வருஷம் இருக்கும் சார், நேத்து பரண்ல இருந்து எடுத்து ஆன் பண்ணேன், டப்புனு ஒரு சத்தம்" என்பார்கள். அந்த ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

முதலில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி செத்துக் கிடக்கலாம், சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் பின்னால் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230 வோல்ட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். 115-ல் இருந்தால் அந்த டப் சத்தம் நிச்சயம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம், ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்புறம் மதர்போர்டு. 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வந்த போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள்) ஏராளம். மேல்பக்கம் தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அளவு அல்லது கூடுதலாக. அதைவிடப் பழைய 386, 486 பிராசசர் போர்டு என்றால் கவலை வேறு: போர்டிலேயே சால்டர் செய்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துக்கொண்டிருக்கும். கசிவது காரம் என்பதால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுவேன்.

இதெல்லாம் சரியாக இருந்து இயந்திரம் ஓடினால், வேறு எதையும் தொடும் முன் ஹார்டு டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுத்துவிடுங்கள். கல்யாண ஃபோட்டோவும் கடைக்கணக்கும் அதில்தான் இருக்கும், அந்த டிஸ்க் இன்னொரு முறை சுற்றுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பின்கள் உள்ள பழைய பெண்டியம் 4-ல், பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கை நேராக இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லத் திருகி எடுங்கள்.

ரேம் கூட்டுவது, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுவது என்ற ஆசையெல்லாம் இதற்கப்புறம்தான். இன்டெல் 845 சிப்செட் போர்டில் டிடிஆர் வகை ரேம் என்றால் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, கடைக்காரர் 4 ஜிபி என்று சொன்னாலும் வாங்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் எக்ஸ்பி ஓடும் பெட்டியை நான் திருப்பித் தரும்போது நெட் கேபிளைக் கழற்றித் தனியே கையில் கொடுத்துவிடுகிறேன்.